கடலடியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள்

குவாலா சிலாங்கூர் சூப்பர்மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்கேலப் பாக்கெட்டை நம்மில் முக்கால்வாசிப் பேர் எடுத்துப் பார்த்து, விலையையும் பார்த்து, பேசாமல் திரும்ப வைத்துவிட்டு இறால் பக்கம் நகர்ந்திருப்போம். வெள்ளையாக, வட்டமாக இருக்கும். மீன் உருண்டை என்று நினைக்கிறவர்களும் உண்டு. உண்மையில் அது முழுச் சிப்பி கூட இல்லை, சிப்பியின் இரண்டு ஓடுகளையும் இழுத்து மூடுகிற ஒரே ஒரு தசை. மற்றதையெல்லாம் கழித்துவிட்டு அந்தத் தசையை மட்டும் பாக்கெட் போடுகிறார்கள்.

இது எங்கிருந்து வருகிறது, எப்படி வளர்க்கிறார்கள் என்று கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருந்தேன். மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறவனுக்கு ஜப்பான் கடல் சிப்பியோடு என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் படிக்கப் படிக்க, கடலடியில் ஸ்கேலப் வளர்ப்பது அப்படியே தோட்ட வேலை. நாற்றங்கால் இருக்கிறது, நிலம் துப்புரவு இருக்கிறது, பிளாக் பிரிப்பு இருக்கிறது, பூச்சித் தொல்லை இருக்கிறது, நட்ட பிறகு மூன்று வருடக் காத்திருப்பும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், மரத்தைப் போய்ப் பார்க்க முடியாது. அந்த ஒன்றினால் இந்தத் தொழிலில் என்னென்ன கூத்து நடந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஸ்கேலப் வளர்ப்பில் இரண்டு வழி உண்டு. ஒன்று தொங்கவிடுவது: கடலில் மிதவை கட்டி, கயிறு விட்டு, வலைக்கூண்டுக்குள் போட்டுத் தொங்கவிடுவார்கள், இல்லையென்றால் ஓட்டின் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் துளை போட்டு ஒவ்வொன்றாகக் கயிற்றில் கோர்ப்பார்கள். ஆமாம், ஒவ்வொன்றாக. எவ்வளவு கைவேலை என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானின் அவோமோரி மாநிலத்தில் முட்சு விரிகுடா இந்த முறைக்குப் பேர்போனது, 2010 கோடையில் தண்ணீர் சூடாகி அங்கே தொங்கிக்கொண்டிருந்த சிப்பிகள் பெருமளவில் செத்தன. இன்னொரு வழி கடலடியில் விதைத்துவிட்டு வந்துவிடுவது. கூண்டு வேண்டாம், மிதவை வேண்டாம், கயிற்றில் ஒட்டிய பாசியைச் சுரண்டுகிற வேலையும் இல்லை. ஹொக்கைடோவின் வடகிழக்கில் ஒக்கோட்ஸ்க் கடலோரம் முழுக்க இதுதான்.

விதை எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெங்காய மூட்டைப் பை தெரியுமல்லவா, சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில், கண்கண்ணாக இருக்கும். அந்த மாதிரிப் பைக்குள் பழைய மீன் வலையையோ பிளாஸ்டிக் வலைத்துண்டையோ கசக்கித் திணித்து, வாயைக் கட்டி, ஒரு கயிற்றில் வரிசையாகக் கோர்த்துக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். வசந்தகாலத்தில் ஸ்கேலப் முட்டையிடும். குஞ்சு ஒரு மாதத்துக்கு மேல் கண்ணுக்கே தெரியாத அளவில் தண்ணீரோடு மிதந்து திரியும். பிறகு எங்காவது ஒட்டிக்கொள்ள இடம் தேடும். அப்போது அதன் அளவு கால் மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் கூட. பையின் கண் வழியாகச் சர்வசாதாரணமாக உள்ளே போய், மெல்லிய நூல் ஒன்றைச் சுரந்து, உள்ளிருக்கும் வலையைப் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் நூலை விட்டுவிட்டுக் கீழே விழும். சாதாரணமாகக் கடல் தரையில் போய் விழவேண்டியது. ஆனால் இப்போது அது பையின் கண்ணைவிடப் பெரிதாகிவிட்டது, வெளியே போக முடியாது. பைக்குள்ளேயே குவிந்து கிடக்கும். யாரும் பிடிக்கவில்லை, தீனி போடவில்லை, தானாக வந்து, தானாக வளர்ந்து, தானாக மாட்டிக்கொண்டது. இந்தப் பை வருவதற்கு முன்னால் மரக்கிளை, இலை தழையெல்லாம் கட்டித் தொங்கவிட்டார்களாம். ஒட்டும், ஆனால் நூலை விட்டதும் அத்தனையும் கையை விட்டுப் போய்விடும். ஒரு வெங்காயப் பை அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது.

பையை எப்போது இறக்குவது என்பதில்தான் சாமர்த்தியம். சீக்கிரமே இறக்கினால் பாசியும் வேறு சிப்பியும் முந்திக்கொண்டு ஒட்டிவிடும், தாமதமானால் ஸ்கேலப் குஞ்சு தாண்டிப் போயிருக்கும். அதனால் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் படகில் போய் மெல்லிய வலையால் தண்ணீரை வடித்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குஞ்சுகளை எண்ணி, ‘இப்போது இறக்கலாம்’ என்று மீனவர்களுக்குத் தகவல் சொல்கிறார்கள். நட்சத்திர மீனின் குஞ்சும் அதே காலத்தில் மிதந்து வந்து அதே பைக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் வயிற்றெரிச்சல். அது உள்ளேயே உட்கார்ந்து ஸ்கேலப் குஞ்சைத் தின்று கொழுக்கும்.

கோடை முடிவில் பையைத் தூக்கி, உதறி, சலித்து, அளவு பார்த்து வேறு கூண்டுக்கு மாற்றுவார்கள். கூம்பு வடிவத்தில் சின்னதாக இருக்கும், முத்துச் சிப்பி வளர்க்கிறவர்களிடமிருந்து வந்த கூண்டு. நெருக்கமாகப் போட்டால் ஒன்றின் ஓடு இன்னொன்றின் வாய்க்குள் மாட்டிச் செத்துப்போகும், அதனால் வளர வளரப் பிரித்துப் போடவேண்டும். அடுத்த வசந்தத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு வந்ததும் நடவுக்குத் தயார். நம் செம்பனை நாற்றும் ஏறக்குறைய ஒரு வருடம் பாலிபேக்கில் இருந்துவிட்டுத்தான் பீல்டுக்குப் போகிறது. அந்தக் கணக்கு ஒத்துப்போனதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

நிலம். சேறு ஆகாது. சேற்றுத் துகள் செவுளில் அடைத்துக்கொள்ளும். மணலும் சரளையும் கலந்த தரை வேண்டும், நீரோட்டம் வேண்டும், ஏனென்றால் இதற்குத் தீனி தண்ணீரில் மிதந்து வரும் நுண்பாசிதான். விதைப்பதற்கு முன்னால் அந்தத் தரையில் நட்சத்திர மீனைக் கூட்டிப் பெருக்கி எடுக்கிறார்கள். இரும்புச் சட்டத்தில் வலை கட்டி இழுப்பதும் உண்டு, நூல் குஞ்சங்களைக் கட்டித் தரையோடு இழுத்துப் போவதும் உண்டு. நட்சத்திர மீனின் சொரசொரப்பான உடம்பு நூலில் சிக்கிக்கொள்ளும். தரை துடைக்கிற மாப்பைக் கடலுக்கடியில் இழுத்துக்கொண்டு போகிற படகை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். இந்தப் பிராணியை அவர்கள் அவ்வளவு வெறுப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஐந்து கைகளாலும் சிப்பியைக் கட்டிப்பிடித்து மெல்ல மெல்ல ஓட்டைப் பிளந்து, தன் வயிற்றையே வெளியே தள்ளிச் சிப்பிக்குள் நுழைத்து, அங்கேயே செரித்து முடித்துவிட்டுப் போகும்.

துப்புரவானதும் படகிலிருந்து அள்ளி வீசுகிறார்கள். சதுர மீட்டருக்கு ஐந்து ஆறு என்கிற கணக்கு. அதற்கு மேல் போட்டால் எல்லாமே சவலையாகிவிடும். கடலை நான்கு பிளாக்காகப் பிரித்து வருடத்துக்கு ஒரு பிளாக் விதைப்பார்கள், முதலில் விதைத்த பிளாக்கை மூன்று வருடம் கழித்து அள்ளுவார்கள், அள்ளிய இடத்தைத் துப்புரவு செய்து மறுபடி விதைப்பார்கள். சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அறுவடைக்குப் பல் வைத்த இரும்புச் சட்டமும் சங்கிலி வலையும் கட்டித் தரையை வாரிக்கொண்டு போவார்கள்.

இதில் படகையும் இரும்புச் சட்டத்தையும்விட முக்கியமான ஒன்று அந்தக் கடல் யாருக்குச் சொந்தம் என்பது. ஜப்பானில் கரையோரக் கடலில் மீன்பிடி உரிமை அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திடம் இருக்கிறது. நான் போட்ட விதையை மூன்று வருடம் கழித்து நான்தான் அள்ளுவேன் என்கிற உறுதி இருந்தால்தானே யாரும் காசைக் கடலில் கொட்டுவார்கள்? சாருபுட்சு என்று ஒரு கிராமம், ஹொக்கைடோவின் வடகோடியில். இயற்கையாக விளைந்த ஸ்கேலப்பை அள்ளி அள்ளி ஒட்டத் தீர்த்துவிட்டு, வறுமையைப் பார்க்கவேண்டுமானால் சாருபுட்சுக்குப் போ என்று மற்றவர்கள் கேலி பேசுகிற நிலைக்கு வந்த ஊர். 1971-இல் சங்கமும் கிராமமும் சேர்ந்து, இருந்ததையெல்லாம் திரட்டி விதைக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்குத் தலைக்கு வருமானத்தில் ஜப்பானிலேயே முன்வரிசையில் நிற்கும் ஊர்களில் அதுவும் ஒன்று, தோக்கியோவின் பணக்காரப் பகுதிகளோடு போட்டி போடுகிறது. இப்படிப்பட்ட கதைகளை யூடியூப்பில் போடும்போது பின்னணி இசையைத் தூக்கலாக வைத்துவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் கதை உண்மை. எல்லாம் சுபம் என்றும் சொல்லிவிட முடியாது. 2014 டிசம்பரில் வந்த பெரும் புயல் ஒக்கோட்ஸ்க் கடலடியையே புரட்டிப்போட்டதில் பல பிளாக்குகளில் சிப்பி மணலுக்குள் புதைந்தும் உடைந்தும் போனது, அடுத்த இரண்டு வருடம் விளைச்சல் படுத்துவிட்டது. 2023 ஆகஸ்ட்டில் புக்குஷிமா அணு உலையின் சுத்திகரித்த தண்ணீரைக் கடலில் விட ஆரம்பித்ததும் சீனா ஜப்பானியக் கடலுணவையே நிறுத்தியது. அதில் அதிகம் அடிவாங்கியது ஸ்கேலப்தான்.

ஸ்கேலப் நீந்தும் என்பதையும் சொல்லியாகவேண்டும். ஓட்டைப் படபடவென்று தட்டித் தண்ணீரைப் பீய்ச்சி எகிறிப் போகும். ஓட்டின் விளிம்பு முழுக்கக் கண் வேறு, சில இனங்களில் இருநூறு வரை. ஒவ்வொரு கண்ணிலும் பின்னால் ஒரு குட்டிக் கண்ணாடி இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நட்சத்திர மீன் கிட்டே வந்தால் கிளம்பிவிடும். ஆகவே ஓடிப்போகத் தெரிந்த பயிரை வேலியில்லாத நிலத்தில் விதைக்கிறார்கள். நல்லவேளை, தரை பிடித்திருந்தால் ரொம்ப தூரம் போவதில்லை.

பெரு நாட்டில் செச்சுரா என்று ஒரு விரிகுடா. அங்கே ஆழம் குறைவு, மீனவர் சங்கங்கள் தரையில் விதைக்கின்றன, அறுவடைக்கு முக்குளிப்பவர்கள் படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து குழாயில் காற்று இழுத்துக்கொண்டு இறங்கிக் கையால் பொறுக்குகிறார்கள். அந்த இனம் சீக்கிரம் வளரும். 2017-இல் எல் நினோ மழையில் ஆற்றுவெள்ளம் விரிகுடாவுக்குள் பாய்ந்து, சூடும் சேர்ந்துகொள்ள, அந்த வருட விளைச்சல் நாசமானது. தொங்கவிட்டிருந்தால் கூண்டை இழுத்து வேறு இடத்துக்கு ஓடலாம். தரையில் போட்டது போட்டதுதான்.

சரி, நான் சொல்ல வந்த கூத்துக்கு வருகிறேன்.

தோட்டத்தில் மரக் கணக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும். ஹெக்டேருக்கு 136 மரம் என்று பேப்பரில் இருக்கும், பீல்டில் போய் வரிசை வரிசையாக நடந்தால் செத்தது, குட்டை, காய்க்காதது என்று கழித்துக் கழித்து வேறு எண் வரும். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஆபீசில் உட்கார்ந்தே எழுதினால் மேனேஜர் ஒருநாள் ஜீப்பில் வந்து பார்த்துவிடுவார். கடலடியில் யார் போய்ப் பார்ப்பது?

சீனாவில் தாலியன் நகரத்துக்குக் கிழக்கே ஜாங்ஸிதாவ் என்று ஒரு தீவு. அங்கே அதே பெயரில் ஒரு கம்பெனி, ஷென்ஜென் பங்குச் சந்தையில் இருந்தது. வேலை இதேதான், ஜப்பானிய இன ஸ்கேலப்பைப் பெரும்பரப்பில் கடலடியில் விதைத்து அள்ளுவது. 2014 அக்டோபரில் திடீரென்று, குளிர்ந்த நீர்த்திரள் வந்து சிப்பியெல்லாம் போய்விட்டது, 80 கோடி யுவானுக்கு மேல் நட்டம் என்று அறிவித்தார்கள். பங்கு வாங்கியவர்கள் தலையில் துண்டு. சரி, இயற்கைச் சீற்றம் என்று விட்டால், 2018 ஜனவரியில் மறுபடியும் கையிருப்பில் ஏதோ கோளாறு என்றார்கள், பிறகு தீனி கிடைக்காமல் பட்டினியில் செத்துவிட்டன என்றார்கள். 2019-இல் இன்னொரு முறை. சீனர்கள் இணையத்தில் ‘ஸ்கேலப் ஓடிப்போச்சு’ என்று அடித்த கிண்டலுக்கு அளவே இல்லை.

கடலுக்கடியில் எத்தனை இருந்தது, எத்தனை செத்தது என்று எந்த ஆடிட்டர் முக்குளித்து எண்ணுவார்? பங்குச் சந்தை ஆணையம் சிப்பியை எண்ணவே இல்லை. படகைப் பின்தொடர்ந்தது. கம்பெனியின் 27 படகுகளில் இருந்த பெய்தோவ் செயற்கைக்கோள் கருவி, எந்த நாள் எங்கே எந்த வேகத்தில் போனது என்று லட்சக்கணக்கான புள்ளிகளைப் பதிந்து வைத்திருந்தது. அதை எடுத்து வரைபடத்தில் போட்டுப் பார்த்தால், கணக்குப் புத்தகத்தில் அள்ளியதாகக் காட்டிய பரப்பும் படகுகள் உண்மையில் வாரிய பரப்பும் ஒட்டவே இல்லை. விதைச் செலவை, அள்ளிய பரப்புக்கு ஏற்றபடி அந்தந்த வருடக் கணக்கில் ஏற்றவேண்டும். பரப்பைக் குறைத்துக் காட்டினால் செலவு குறையும், லாபம் கூடும். 2016-இல் அப்படிக் காட்டியிருந்தார்கள். அடுத்த வருடக் கணக்கில், ஏற்கெனவே வாரி முடித்த இடங்களில் சிப்பி செத்துவிட்டதாகக் கழித்திருந்தார்கள். ஆணையம் 2020 ஜூனில் முடிவைச் சொன்னது. கம்பெனிக்கு அபராதம் 6 லட்சம் யுவான்தான், சட்டத்தில் அப்போது இருந்த உச்ச வரம்பே அவ்வளவுதான். தலைவருக்குப் பங்குச் சந்தையில் வாழ்நாள் தடை.

இதைப் படித்துவிட்டு நான் மச்சானிடம் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம ஜெராம்ல போடலாமா, போடக்கூடாதா? அதைச் சொல்லு முதல்ல,” என்றான். ஜெராம் எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்.

போட முடியாது. ஜப்பானிய இனம் குளிர்ந்த நீருக்குப் பிறந்தது, 25 டிகிரியைத் தொட்டாலே தாங்காது, மலாக்கா நீரிணையில் தண்ணீர் 28, 30 என்று நிற்கிறது. நம் பக்கத்து ஸ்கேலப் இனம் ஒன்று உண்டு, கடை மீன்காரர்கள் காப்பிஸ் என்பார்கள், ஆழமான இடத்தில் இழுவலையில் மாட்டும். ஓடு மெல்லிசாக, வழவழப்பாக இருக்கும், ஸ்கேலப்பிலேயே நீச்சலில் கெட்டிக்காரக் கூட்டம் அதுதான். அதை விதைத்துவிட்டு எங்கே போய்த் தேடுவது? அதோடு ஜெராம் கரை சுத்தமான சேறு.

ஆனால் அந்தச் சேற்றில் கடலடி வளர்ப்பு எப்போதிருந்தோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. கெராங் என்கிற இரத்தச் சிப்பிதான் அது. 1948-இல் பேராக்கில் பாகான் பாஞ்சோரில் ஒரு சீன மீனவர் தொடங்கியதாகச் சொல்கிறார்கள். இயற்கையாகக் குஞ்சு விழும் சேற்றுத் திட்டிலிருந்து மிளகு அளவிலிருந்து சுண்டுவிரல் நகம் அளவு வரை இருக்கும் குஞ்சுகளைக் கம்பிச் சல்லடையால் அரித்தெடுத்து, லைசென்ஸ் வாங்கிய தங்கள் இடத்தில் படகிலிருந்து வீசுவார்கள். கம்பு நட்டு எல்லை போட்டிருக்கும். திருட்டுக்குப் பயந்து கடலுக்கு நடுவே கால் நட்டுக் காவல் குடிசையும் கட்டியிருப்பார்கள். இங்கே நட்சத்திர மீனைவிட ஓட்டில் துளை போட்டு உறிஞ்சுகிற நத்தைதான் எதிரி. ஒன்று, ஒன்றரை வருடத்தில் 31.8 மில்லிமீட்டர் வந்ததும் அள்ளலாம், அதுதான் சட்டம் வைத்த அளவு. தண்ணீர் இருக்கும்போது நீளக் கைப்பிடி போட்ட கம்பிக் கூடையைச் சேற்றில் இழுத்துப் படகுக்கு ஏற்றுவார்கள். தண்ணீர் வற்றியிருக்கும்போது கையால் பொறுக்குகிறவர்களுக்குத் தொங்காக் பலகை: ஒரு நீளப் பலகை, முன்னால் வாளி, ஒரு முழங்கால் பலகை மேல், இன்னொரு கால் சேற்றில் உதைத்து உதைத்துத் தள்ளும். பார்க்கச் சுலபம். அந்தச் சேற்றில் பலகை இல்லாமல் கால் வைத்தால் தொடை வரை போகும்.

கெராங்குக்கு வந்த கேடு ஜப்பான்காரனுக்கு வராததற்குக் காரணம் விதைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் வெங்காயப் பையைத் தொங்கவிட்டு வேண்டிய அளவு குஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். நாம் இன்னும் இயற்கை போட்ட குஞ்சைத்தான் நம்பியிருக்கிறோம். கெராங் குஞ்சு சேற்றின் மேலேயே விழுந்து வளர்வது, பையில் பிடிப்பது அவ்வளவு லேசில்லை என்பதும் உண்மை. 2010-இல் மலேசியாவில் 75,000 டன்னுக்கு மேல் கெராங் கிடைத்தது, ஐந்து வருடத்துக்குள் 20,000 டன்னுக்குக் கீழே போய்விட்டது. ஆற்றில் வருகிற அழுக்கு, அலையாத்திக் காடு அழிந்தது, குஞ்சையே அளவுக்கு மீறி அள்ளி விற்றது என்று காரணம் அடுக்குகிறார்கள். ஆற்றில் வருவதில் நம் தோட்டங்களின் உரமும், மில் கழிவும், டவுன் சாக்கடையும் எல்லாம் அடக்கம், மேட்டில் இருக்கிற நாம் அதைப் பேசுவதில்லை. சார் குவே தியாவ் நூடுல்ஸில் கெராங் கேட்டால் கூடக் காசு கேட்கிறார்கள், சில கடையில் இல்லவே இல்லை என்கிறார்கள்.

அப்புறம் சாப்பாட்டு விஷயம். ஸ்கேலப்பில் குடல், செவுள் எல்லாம் எறிந்துவிட்டுத் தசையை மட்டும் தின்பதால், தண்ணீரிலிருந்து அது வடித்துச் சேர்த்த கெடுதல் பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும். கெராங்கை நாம் குடலோடு முழுசாக விழுங்குகிறோம். 1988-இல் ஷாங்காயில் கெராங்குக்கு நெருங்கிய இனச் சிப்பியைப் பாதி வேக்காட்டில் தின்று சுமார் 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. கொதிதண்ணீரை ஊற்றி, ஓட்டைப் பிளந்து, சிவப்புச் சாறு சொட்டச் சொட்டச் சாப்பிடுவதுதான் ருசி என்று மச்சான் அடம்பிடிப்பான். அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின் என்று சொன்னால், அதனால்தான் உடம்புக்கு நல்லது என்கிறான். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு மூன்று தண்ணீரில் சேறு போக அலசி, எல்லா ஓடும் தானாக வாய் பிளக்கும் வரை கொதிக்கவிட்டு, பிளக்காததை எறிந்துவிட்டு, சதையை எடுத்துச் சின்ன வெங்காயம், பிளாச்சான் (இறால் விழுது), காய்ந்த மிளகாய் அரைத்த சம்பலில் பிரட்டுவார். கொஞ்சம் ரப்பராகத்தான் இருக்கும். இருக்கட்டும்.